குதிரைத் தளபதிக்குக் கத்திரிப்பூ நிறக் கவசம்

என் கணவர் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவார் என்று கண்டக்டர்கள் பேசிக்கொள்வார்கள். வீட்டில் அவ்வளவாகப் பேச்சு இருக்காது. மேலே வால்பாறையில், இறங்கும் ட்ரிப்புக்குக் காத்திருக்கிற நேரத்தில், செல்போனில் ஒரு போர் விளையாட்டு ஆடப் பழகியிருந்தார். ஒரு கோட்டை, கோட்டைக்குப் படைகள், படைகளை நடத்திப் போகப் பத்துப் பன்னிரண்டு தளபதிகள். லீவு நாளில் சாப்பிட்டுக் கை கழுவினதும் அதைத்தான் எடுப்பார்.

எனக்கு அது பிடிக்காது. "நாப்பத்தஞ்சு வயசுல பொம்மைச் சண்டைங்களா?" என்று கேட்பேன்.

"பொம்மைன்னாலும் என்னை நம்பி ஒரு கோட்டை இருக்குதில்ல அம்மணி" என்று சிரிப்பார்.

அவரோடு சேர்ந்து ஆடுகிறவர்கள் முப்பது நாற்பது பேர். திருப்பூரில் ஒருவர், வளைகுடாவில் ஒருவர் என்று எங்கெங்கோ இருந்தார்கள். ஒருவரையும் அவர் நேரில் பார்த்ததில்லை. எல்லாரும் அவரை 'அண்ணா' என்று எழுதுவார்கள். தளபதிகளுக்கு எந்த வாளைக் கொடுப்பது, எந்தக் கவசத்தை மாட்டுவது என்று அவரிடம்தான் கேட்பார்கள் என்று மகள் ஒருநாள் சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் காலை பஸ் ஸ்டாண்டில், வண்டியில் ஏறப் போனவருக்கு வலது கால் படிக்கு எழும்பவில்லை. இரண்டு தரம் முயன்றுபார்த்துவிட்டு அப்படியே படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வாய் ஒரு பக்கமாகக் கோணுவதைக் கண்டக்டர் பார்த்துவிட்டார். பஸ் மலையேறின பிறகு இது வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க வந்த ஒவ்வொருவரும் சொன்னார்கள். எல்லாருக்கும் தலையாட்டினேன். நான் அந்தப் பஸ்ஸைப் பற்றி நினைக்கவே இல்லை.

கோயம்புத்தூரில் சேர்த்தோம். மூளையின் இடது பக்கம் ரத்தம் அடைத்திருக்கிறது, வலது கையும் காலும் பேச்சும் பாதிக்கும் என்று டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டிச் சொன்னார். உயிர் பிழைத்தார். பன்னிரண்டாம் நாள் நான் அவருக்கு முகம் துடைத்துவிட்டு, "நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றார்.

வார்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதேன். மகளுக்குப் போன் போட்டு அவர் காதில் வைத்தேன். அவளுக்கும் "ஆமா" என்றார். அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும் இருந்தது. தண்ணீர் வேண்டுமா என்றால் ஆமா. வலிக்கிறதா என்றால் ஆமா. வலிக்கவில்லையா என்றாலும் ஆமா. நான் யார் தெரியுதுங்களா, உங்கள் தங்கச்சியா என்று கேட்டேன். அதற்கும் ஆமா. அவரிடம் மிச்சமிருந்த சொல் அது ஒன்றுதான். எது கேட்டாலும் அதுதான் வந்தது.

பொள்ளாச்சி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுக் கருமத்தம்பட்டிக்கு வந்தோம். அவருடைய தம்பி அங்கே தறி ஓட்டுகிறார். மாடியில் அவர் குடும்பம், கீழே இரண்டு அறை எங்களுக்கு. பக்கத்துக் கொட்டகையில் காலையிலிருந்து தறிகள் தடதடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். கட்டிலில் கிடக்கிறவருக்கு அது எப்படி இருக்கிறது என்று அவரைக் கேட்க முடியாது. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியுமே.

கொழுந்தனார் நல்லவர். காலையில் தறிக்குப் போகும் முன் வந்து அண்ணனைத் தூக்கி உட்காரவைத்துவிட்டுப் போவார். ஆனால் அண்ணனுக்கு அறிவும் போய்விட்டது என்று அவர் தீர்மானித்துவிட்டார். ஊரிலும் அப்படித்தான் பேசினார்கள். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசினார்கள். மறைப்பதற்கென்ன, நானும் பேசினேன்.

மகள் அந்த வருஷம்தான் பிளஸ் டூ முடித்திருந்தாள். வெளியூரில் ஒரு நர்ஸிங் காலேஜில் இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து அதைப் பேசினோம்.

"அண்ணி, பாப்பா போயிட்டா நீங்க ஒத்தை ஆளா எப்படிங்க பாத்துக்குவீங்க?" என்றார் கொழுந்தனார். "எனக்கும் பகலெல்லாம் தறி. ஒரு வருஷம் போகட்டும்ங்க, அப்புறம் பாத்துக்கலாம்." பிறகு கட்டில் பக்கம் திரும்பி, சத்தமாக, "அண்ணா, பாப்பா ஊட்டுலயே இருக்கட்டும்ங்களா?" என்று கேட்டார்.

"ஆமா."

"பாத்தீங்களா, அண்ணனே சொல்லிப்போட்டாரு."

அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். அன்று காலையில்தான், இன்றைக்குத் தீபாவளியா என்று கேட்டதற்கும் அதே ஆமாவைச் சொல்லியிருந்தார். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. அவரை ஒரு பக்கமாகத் திருப்பிப் போடவும், துணி மாற்றவும், கழுவிவிடவும் எனக்கு அவள் வேண்டியிருந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்து எழுந்து போனாள்.

அவருடைய செல்போனை மகள்தான் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். விளையாட்டிலிருந்து செய்தி வந்தபடி இருந்தது. அண்ணா எங்கே, அண்ணாவைக் காணோம் என்று. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஒருநாள் இவள் எழுதிப் போட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் ஆளாளுக்குத் தங்கள் படையில் ஒரு பங்கை இவருடைய கோட்டைக்குக் காவலுக்கு அனுப்பி வைத்தார்களாம். "யாரும் அடிக்க முடியாதுங்கம்மா, அவங்க நிக்கறாங்க" என்று மகள் காட்டினாள். சின்னச் சின்னக் கொடிகள் மதிலைச் சுற்றி நின்றன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் மாதம். ஒரு மத்தியானம் கரண்ட் போய்த் தறிகள் நின்றிருந்தன. மகள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். இவருக்கு ராகிக் கஞ்சி ஊட்ட உட்கார்ந்தேன். வாயைத் திறக்கவில்லை. குழந்தைக்கு எதையாவது காட்டிச் சோறு ஊட்டுவோமே, அந்த நினைப்பில் போனை எடுத்து விளையாட்டைத் திறந்தேன். எதை எதையோ தொட, தளபதிகளின் பக்கம் வந்தது. முதலில் நின்றவர் வெள்ளைக் குதிரைமேல் தாடி வைத்த ஒருவர். அவர் படத்தைச் சுற்றித் தலைக்கவசம், மார்க்கவசம், வாள், காலணி, கேடயம், மோதிரம் என்று ஆறு கட்டங்கள். ஆறும் காலியாக இருந்தன. படுக்கையில் விழுவதற்கு முன் எதையோ மாற்றி அடுக்கலாம் என்று கழற்றி வைத்திருப்பார் போல.

காலிக் கட்டத்தைத் தொட்டால் கையிருப்பில் இருப்பதெல்லாம் வரிசையாக வந்தன. தலைக்கவசங்களே ஏழெட்டு இருந்தன. ஒன்று தங்க நிறத்தில் மின்னியது.

"இது நல்லாருக்குதுங்க, தகதகன்னு" என்று சொல்லிக்கொண்டே அதைத் தொடப் போனேன்.

அவருடைய இடது கை வந்து என் விரலைத் தள்ளியது.

கை தானாக இழுத்துக்கொள்வது அவருக்கு உண்டு. அப்படித்தான் இருக்கும் என்று மறுபடி தொடப் போனேன். மறுபடி தள்ளினார். பிறகு தன் சுட்டுவிரலால் வரிசையை மெதுவாக மேலே நகர்த்தினார். தங்கம் போனது, நீலம் போனது, இன்னொரு தங்கமும் போனது. மங்கலான கத்திரிப்பூ நிறத்தில் ஒரு தலைக்கவசம் வந்ததும் விரல் நின்றது. என்னைப் பார்த்தார். ஏழு மாதத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கையிலிருந்த கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு நான் அதைத் தொட்டேன். கவசம் தாடிக்காரர் தலையில் ஏறியது.

மார்க்கவசமும் அதே நிறத்தில் எடுத்தார். வாளும் அப்படியே. காலணிக்கு வந்தபோது அந்த நிறத்தில் கையிருப்பில் இல்லை. அந்தப் பக்கத்தைவிட்டு வெளியே வந்து, ஒவ்வொரு தளபதியாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனார். விரல் தவறித் தவறி வேறு பக்கம் போகும், திரும்பி வருவார். நெற்றி வியர்த்துவிட்டது. நான் உதவவில்லை. உதவ எனக்கு என்ன தெரியும்? கடைசியில் ஒற்றைக்கண் தளபதி ஒருவரின் காலில் அது இருந்தது. அதைக் கழற்றிக் கொண்டுவந்து குதிரைக்காரருக்கு மாட்டினார். நான்காவது பொருள் ஏறினதும் திரையில் புதிதாக ஒரு வரி பளிச்சென்று எரிந்தது. கீழே ஓர் எண் கடகடவென்று ஏறியது.

அவர் நீளமாக மூச்சுவிட்டார். "ஆமா" என்றார். யாரும் அவரை எதுவும் கேட்டிருக்கவில்லை.

மகள் வந்ததும் போனைக் கையில் கொடுத்து, அதில் இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது, வாசி என்றேன். வாசலில் நின்றபடியே வாசித்தாள். அந்தத் தங்கத் தலைக்கவசம் வில்லாளிகளுக்கு உரியது. குதிரைப்படைத் தலைவனுக்குப் போட்டால் பிரயோஜனமில்லை. கத்திரிப்பூ நிறத்து நான்கும் ஒரே செட், குதிரைப்படைக்கென்றே உள்ளது. நான்கும் சேர்ந்தால்தான் கூடுதல் பலம்.

"யாருங்கம்மா இதை வெச்சது?"

"உங்கப்பாதான் கண்ணு."

அவள் ரேஷன் பையைக் கீழே வைக்காமலே நின்றாள். "கரெக்டா வெச்சிருக்காருங்கம்மா" என்றாள்.

அதற்குப் பிறகு நான் செய்தது எனக்கே பெருமையான காரியம் இல்லை. நம்ப முடியாமல் அவரைச் சோதித்தேன். வேண்டுமென்றே வில்லாளித் தளபதிக்குக் குதிரைப்படை வாளை மாட்டுவேன். தள்ளிவிட்டுச் சரியானதை எடுப்பார். மறுநாள் இன்னொரு தப்பு செய்வேன். மூன்றாம் நாள் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். போனைத் தட்டிவிட்டார், அது கட்டிலுக்கடியில் போய் விழுந்தது. சோதிக்கிறேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் காலடியில் உட்கார்ந்து, "தப்புங்க, இனிமே பண்ணமாட்டேன்" என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதே வாரம் கொழுந்தனாரைக் கூட்டிவந்து காட்டினேன். அன்றைக்கென்று இவர் விரலை அசைக்கவே இல்லை. திரையில் எல்லாத் தளபதிகளையும் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்க மனசுக்கு ஆறுதலா இருந்தாச் சரிங்க அண்ணி" என்றார் கொழுந்தனார், மெதுவாக. "ஆனா ரொம்ப நம்பிப்போட்டு அப்புறம் வேதனைப்படாதீங்க."

ஆர்.எஸ்.புரத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்மணியை ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் இடம் மாடியில், படி ஏற்ற முடியாது என்று நாங்கள் போகாமலே விட்டிருந்தோம். இப்போது போனோம். கொழுந்தனார் காரில் கொண்டுவந்து விட்டார். அவரும் மகளும் இரண்டு பக்கமும் பிடித்து மாடிக்கு ஏற்றினார்கள். நான் அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் இவரைச் சோதிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"சார், எனக்கு இந்த விளையாட்டு தெரியாதுங்க. மதில் காவலுக்கு ஒருத்தர் வேணுமாமே, யாரை நிறுத்தறது? அவருக்கு என்னென்ன குடுக்கறது?"

கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை, இரண்டு தரம் வாய் திறந்தேன். கையைக் காட்டி என்னை நிறுத்தினார். வெகுநேரம் கழித்து இவர் கை நகர்ந்தது. தளபதிகளைத் தள்ளிக்கொண்டே போய், எனக்கு வெறும் கிழவராகத் தெரிந்த ஒருவரிடம் நின்றார். இருப்பதிலேயே நல்ல கேடயத்தை எடுத்து அவருக்கு மாட்டினார். ஒவ்வொன்றாக ஆறு கட்டத்தையும் நிரப்பினார். கொழுந்தனார் கதவோரம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இவருக்குச் சொல்லுதான் போயிருக்குதுங்க, யோசனை போகலை" என்றார் அந்த அம்மா. "இனிமே ஆமாவா இல்லையான்னு வர்ற மாதிரி இவர்கிட்டக் கேக்காதீங்க. பொருளையோ படத்தையோ முன்னால வைங்க. ரெண்டு மூணு வைங்க. எடுக்கறதுக்கு நேரம் குடுங்க. வாயில வர்ற ஆமாவைப் பதில்னு எடுத்துக்க வேண்டாம்."

காரில் திரும்பினோம். அவிநாசி ரோடு பூராவும் மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நாங்கள் பதிலாக எடுத்துக்கொண்ட அந்த ஒரு ஆமாவைத்தான் நான்கு பேரும் நினைத்துக்கொண்டு வந்திருப்போம்.

சின்ன விஷயங்களிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு சட்டையைக் காட்டுவேன். டீயையும் பாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். பழைய காலண்டர், விளம்பரத் தாள் எல்லாவற்றிலிருந்தும் படங்களை வெட்டி அட்டையில் ஒட்டினேன். ராகிக் கஞ்சிப் படத்தை முதல் நாளே எடுத்துக் கீழே போட்டார். ஏழு மாதமாகப் பிடிக்காததை ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். சோறும் பச்சைப்பயறு கடைசலும் கேட்டார். ஜன்னல் கதவைக் காலையில் சாத்தவும் மத்தியானம் திறக்கவும் காட்டினார். பார்க்க வருகிறவர்களின் போட்டோக்களை வைத்தேன், சிலரை வேண்டாம் என்று தள்ளினார். நான் எதிர்பார்க்காத ஒருவரும் அந்த வேண்டாதவர்களில் இருந்தார். இவரோடு பல வருஷம் பழகியவர். ஏன் என்று கேட்க வழியில்லை. கட்டிலைச் சுவரோரமிருந்து நகர்த்திப் போட்டதும் அவர் காட்டித்தான்.

பெரிய கேள்வியை மட்டும் வைக்காமலே இருந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நேரம் வாய்க்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் எதை எடுப்பார் என்று எனக்குத் தெரியும். மகளும் கேட்கவில்லை. கேட்காமல் அவள் பாட்டுக்கு அவருக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டும் துணி அலசிக்கொண்டும் இருந்தது, கேட்டிருந்தால் இருந்திருக்கும் கஷ்டத்தைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனாரை வரச் சொன்னேன். இவருடைய மடியில் ஒரு பலகையை வைத்து, அதன்மேல் மூன்று வைத்தேன். நாங்கள் மூவரும் இந்த வீட்டு வாசலில் எடுத்துக்கொண்ட போட்டோ. காலேஜிலிருந்து வந்த கடிதம். இரண்டும் இல்லையென்றால் எடுக்க ஒரு வெற்று அட்டை. தனியாக மகளின் போட்டோ ஒன்றை அவர் கையில் கொடுத்தேன்.

"பாப்பா எங்கிருக்கோணும்னு நீங்க வைங்க. அன்னைக்கு நாங்க சரியாக் கேக்கலைங்க" என்றேன்.

அவர் யோசிக்கவே இல்லை. மகளின் போட்டோவைக் கடிதத்தின்மேல் வைத்தார். வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நாங்கள் எல்லாரும் பார்த்துவிட்டோம் என்று தெரிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. அவரால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. வலது கை எழாது. இடது கையை எடுக்க அவர் தயாராக இல்லை.

கொழுந்தனார் கட்டில் பக்கம் வந்து குனிந்தார். "அண்ணா, அன்னைக்கு நானே கேட்டு நானே பதிலும் சொல்லிப்போட்டனுங்க. மன்னிச்சுக்கோங்க" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "நீ போ கண்ணு. காலைலயும் சாயங்காலமும் நான் வந்து தூக்கறேன்" என்றார்.

மகள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "அம்மா, உங்களுக்கு அன்னைக்கே தெரியுமல்லங்க?"

"தெரியும் கண்ணு" என்றேன்.

அவள் அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன். அவள் அப்பாவின் முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. எட்டாம் நாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, "நானும் இருந்திருப்பனோ என்னமோ. ஆனா என்னைக் கேட்டிருக்கோணும்ங்கம்மா" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் இன்றுவரை அதைப் பற்றி எங்களுக்குள் பேச்சு வந்ததில்லை.

அந்த வருஷச் சேர்க்கை முடிந்துபோயிருந்தது. அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பித்து, வேறு ஒரு காலேஜில் இடம் கிடைத்தது. பஸ் ஏற்றிவிட நானும் போனேன். திரும்பி வந்து வீட்டுக் கதவைத் திறந்தபோது, இனி இரண்டு பேர்தான் என்பது பயமாகத்தான் இருந்தது. அவரைத் திருப்பிப் போடும்போது என் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கொழுந்தனார் சொன்னபடியே காலையிலும் சாயங்காலமும் வந்தார். தறி அவசரத்தில் வர முடியாத நாளும் இருந்தது. அந்த நாட்களில் நானே எப்படியோ சமாளித்தேன்.

மத்தியானத்தில் ஒரு மணி நேரம் விளையாட்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிற செய்திகளை வாசித்துக் காட்டுவேன். அவர்கள் தங்கள் தளபதிகளின் படத்தை அனுப்பி, "அண்ணா, இவருக்கு எந்த வாளுங்க?" என்று கேட்பார்கள். இவர் தொட்டுக் காட்டுவார். நான் தட்டுத்தடுமாறித் தமிழில் அடித்து அனுப்புவேன். அண்ணாவுக்குப் பேச்சில்லை என்று அவர்களுக்குத் தெரியும். எங்கள் பதிலுக்குக் காத்திருக்க அவர்கள் பழகிக்கொண்டார்கள். ஒரு பதில் போகக் கால் மணி நேரம் ஆனாலும் யாரும் அவசரப்படுத்தினதில்லை. பிறகு வேலை, குடும்பம் என்று ஒவ்வொருவராக விளையாட்டை விட்டுப்போனார்கள். இப்போது எழுதுகிறவர்கள் நான்கைந்து பேர்தான்.

மகள் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இவருக்குச் சொல் இன்னும் வரவில்லை. வரும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை, நானும் கேட்பதை விட்டுவிட்டேன். நாலு கால் குச்சியை ஊன்றிக்கொண்டு வாசல் வரைக்கும் நடக்கிறார்.

போன வாரம் ஒருநாள் காலையில் நடக்கக் கூப்பிட்டேன். வேண்டாம் என்பதற்கு வைத்திருக்கிற வெற்று அட்டையை எடுத்து நீட்டினார். முன்பென்றால் கெஞ்சியிருப்பேன், இல்லை கோபித்திருப்பேன். அன்று அட்டையை வாங்கி வைத்துவிட்டு, இரண்டு பேருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தேன். கொட்டகையில் தறி ஓட ஆரம்பித்திருந்தது. குடித்து முடித்ததும் டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு, வெகுநேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் நடக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தோம்.